காலை ஏழு மணிக் காய்ச்சல்

மனித உடம்பின் சூடு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் தாழ்ந்திருக்கும், பொழுது ஏற ஏற உயர்ந்து, மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வாக்கில் உச்சத்தைத் தொடும். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்து 1868-ல் வெளியிட்ட நூலிலேயே இது பதிவாகிவிட்டது. காய்ச்சல் கண்ட உடம்பும் பெரும்பாலும் இதே போக்கில்தான் ஏறி இறங்குகிறது. ராத்திரி அனலாய்க் கொதித்த பிள்ளை காலையில் எழுந்து தோசை கேட்பது அதனால்தான்.

பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் வைத்துக்கொள்வதா என்ற முடிவை நாம் எடுப்பதோ காலை ஏழு மணிக்கு. ஒரு நாளில் காய்ச்சல் மிக எளிதாக மறைந்திருக்கும் நேரம் அது. வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பதினொன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது. "காலையில நல்லாத்தான் மிஸ் இருந்தான்" என்று அம்மா சொல்கிறாள். அவள் சொல்வது உண்மை. பள்ளியில் மட்டும் அதை யாரும் நம்புவதில்லை.

உடம்பு சரியில்லாத பிள்ளையை எப்போது வீட்டில் நிறுத்துவது என்பதற்கு அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் நோய்வாரியாக வகுத்த விதிகள் இருக்கின்றன. நம் குழந்தை மருத்துவர்களும் ஏறக்குறைய அவற்றையே சொல்கிறார்கள். நம் பாட்டிமார்களிடமும் சில விதிகள் இருந்தன. அவற்றில் ஒன்று இன்றைய மருத்துவ விதியோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முடிவில் பாதி பள்ளியுடையது. அந்தப் பாதியைப் பள்ளிகள் ஏற்றுக்கொள்ளாதவரை, விதிகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் பிள்ளைகள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

குழப்பம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதில் தொடங்குகிறது. இந்தப் பிள்ளையால் இன்று எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கவனித்து, சாப்பிட்டு, விளையாடிவிட்டு வர முடியுமா என்பது ஒரு கேள்வி. இவனிடமிருந்து பக்கத்தில் இருப்பவனுக்கு ஒட்டுமா என்பது வேறு கேள்வி. டெங்கு கண்ட பிள்ளையிடமிருந்து அதே பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு நேராக எதுவும் தொற்றாது. ஆனாலும் அவன் படுக்கையில்தான் இருக்க வேண்டும். அம்மை போட்ட பிள்ளை நான்காம் நாளே வீடு முழுக்க ஓடியாடுவாள். அவள் படியிறங்கக் கூடாது. இளைப்பு உள்ள பிள்ளையின் இருமலோ எவரையும் ஒட்டாது, மருந்து சரியாக இருந்தால் படிப்பையும் கெடுக்காது. இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் தேடினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காய்ச்சலுக்குப் பெரும்பாலான நாடுகள் வைத்திருக்கும் கோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்கு மேல் போனால் பள்ளி இல்லை. சூடு இறங்கி, காய்ச்சல் மாத்திரை எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் ஏறாமல் இருந்தால் போகலாம். அக்குளில் வைத்துப் பார்க்கும்போது உள்சூட்டைவிட அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை குறைத்துக் காட்டும் என்பதால், அங்கே 99.5-ஐத் தாண்டினாலே காய்ச்சல் என்று கொள்வது நல்லது. தொட்டுப் பார்க்கும் கையை நம்ப வேண்டாம். அடுப்படியிலிருந்து வரும் கைக்கு எல்லா நெற்றியும் குளிர்ச்சிதான்.

இந்த விதியின் உயிர் 'மாத்திரை கொடுக்காமல்' என்ற நிபந்தனையில் இருக்கிறது. பாராசிட்டமால் வேலை செய்வது நான்கிலிருந்து ஆறு மணி நேரம். ஏழரைக்குக் கொடுத்தால் முதல் இரண்டு மூன்று பாடவேளை ஓடிவிடும்; மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பிள்ளை நோயில்லாதவன் போல் எல்லோரோடும் கலந்து, தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்து, தோளில் கை போட்டுத் திரிந்திருப்பான். மருந்து சூட்டைத்தான் இறக்கியது. கிருமி பரவுவதைத் தடுக்கவில்லை. முந்தின நாள் மாலை என்ன சூடு இருந்தது, கடைசி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கும் வீட்டில், காலை ஏழு மணியின் முடிவு ராத்திரியே பாதி எடுக்கப்பட்டிருக்கும்.

இனி, அந்த 24 மணி நேர விதி நம் ஊரில் எங்கே போதாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் டெங்குவின் காலம். சளிக்காய்ச்சலில் சூடு இறங்குவது நல்ல சகுனம். டெங்குவில் அபாயம் தொடங்குவதே சூடு இறங்கும்போதுதான். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஒருநாள் உடம்பு குளிரும். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அடுத்து வரும் 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும் ஆபத்து இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆவதில்லை, பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனால் அப்படி ஆகும் பிள்ளை, குளிர்நாட்டு விதிப்படி "காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆச்சு, போகலாம்" என்று அனுப்பப்பட்டிருந்தால், அவனுக்கு ஏதோ ஆகிறது என்பது கணக்கு வகுப்பில் யாருக்கும் தெரியாது. மேசையில் தலை சாய்த்தவனை ஆசிரியர் தூங்குகிறான் என்று எழுப்பிவிடுவார்.

ஆகவே மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு மேல் நீடித்த காய்ச்சல் விட்டதென்றால், விட்ட மறுநாளே அனுப்பக் கூடாது. ரத்தப் பரிசோதனை செய்து, தட்டணுக்களும் ரத்தத்தின் அடர்த்தியும் சரியாக இருக்கின்றன என்று மருத்துவர் சொன்ன பிறகே அனுப்ப வேண்டும். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணமில்லாத எரிச்சல் அல்லது மந்தம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது என்று எது தெரிந்தாலும் பள்ளியைப் பற்றிய பேச்சே இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தவிர இபுபுரூஃபன் வகை மருந்துகளையோ ஆஸ்பிரினையோ கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. அவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும் கொசு என்பதும் நினைவில் இருக்கட்டும். பிள்ளைகள் பகலில் இருப்பது பள்ளியில். மொட்டை மாடித் தொட்டியும் உடைந்த வாளியும் நீர் தேக்கி நிற்கும் பள்ளிக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தச் சொல்லும் உரிமை இருக்கிறதென்றால், அந்த வாளியைக் கவிழ்க்கும் கடமையும் இருக்கிறது.

பாட்டிமார்களின் விதி என்று சொன்னேனே, அது அம்மைக்கானது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை ஏறிவிடும். அதைப் பார்த்ததும் தபால்காரரிலிருந்து அடுத்த வீட்டுக்காரி வரை விலகி நிற்பார்கள். வீட்டில் தாளிப்பு இல்லை, விருந்தாளி இல்லை, அந்த வீட்டார் பிறர் வீட்டு விசேஷத்துக்குப் போவதும் இல்லை. வேப்பிலைப் படுக்கை, இளநீர், நீர்மோர். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கொப்புளம் வாடியதைப் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தண்ணீர் ஊற்றி முடித்த பிறகே பிள்ளை வெளியே போகலாம்.

சின்னம்மைக்கு இன்றைய விதி என்ன? கொப்புளம் தோன்றியதிலிருந்து குறைந்தது ஐந்து நாள், அதோடு எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். பாட்டியின் மூன்று தண்ணீர் கணக்கு இதைக் கடந்தே முடிகிறது. அதைவிட முக்கியமாக, வீட்டில் நோய் இருக்கிறது என்பதை ஊருக்கு வெளிப்படையாகச் சொல்லும் ஏற்பாடு அதில் இருந்தது. மறைக்க வேண்டிய அவமானமாக யாரும் அதைக் கருதவில்லை. நாள் எண்ணியதோடு நிற்காமல், கொப்புளம் வாடியதையும் கண்ணால் பார்த்து முடிவெடுத்தார்கள். இந்த வழக்கத்தில் தள்ள வேண்டியதும் இருக்கிறது. மருத்துவரிடமே போகக் கூடாது என்ற பிடிவாதம் ஆபத்து. புண் சீழ் பிடித்தாலும், மூச்சு வாங்கினாலும், பிள்ளை வயதுக்கு வந்தவளாக இருந்தாலும், வேறு நோய்க்காக ஸ்டீராய்டு சாப்பிடுபவனாக இருந்தாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நாள்கணக்கில் குளிக்காமல் கிடப்பதும் புண்ணுக்கு நல்லதல்ல.

ஆனால் எவ்வளவு கறாராக நிறுத்தினாலும், சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். பெஞ்சுத் தோழிக்குப் போக வேண்டியது போயிருக்கும். அவளுக்கு அது தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அப்படியானால் நிறுத்தி என்ன பயன் என்று கேட்கலாம். மிச்ச நாட்களின் பரவலாவது குறையும். அதற்கும் மேலே, நிறுத்திய காரணத்தைப் பள்ளிக்குச் சொல்வதில் பெரிய பயன் இருக்கிறது. வகுப்பாசிரியை கர்ப்பிணியாக இருந்து, அவருக்குச் சிறுவயதில் அம்மை வராமல் இருந்திருந்தால், அந்தத் தகவல் அவருக்கு அன்றே கிடைக்க வேண்டும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். விடுப்புக் கடிதத்தில் 'உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று மொட்டையாக எழுதும் பழக்கத்தை நாம் விட வேண்டும். 'சின்னம்மை' என்று எழுதுங்கள். பள்ளியும் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், வகுப்பில் சின்னம்மை கண்டிருக்கிறது என்று மற்றப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மற்ற நோய்களை வேகமாகப் பார்த்துவிடலாம். தட்டம்மைக்கு, தடிப்பு தெரிந்ததிலிருந்து நான்கு நாள். பொன்னுக்கு வீங்கிக்கு, கன்னம் வீங்கியதிலிருந்து ஐந்து நாள். கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதில் தீங்கில்லை, சங்கிலியோடு வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2017 முதல் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். பொன்னுக்கு வீங்கி அந்த ஊசியில் இல்லை. அது நம் பள்ளிகளை விட்டுப் போகாததற்கு இது ஒரு காரணம். வாந்தி, வயிற்றுப்போக்குக்கு, கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் என்கிறது பிரிட்டன். கழிப்பறையில் சோப்பு இல்லாத பள்ளிகள் நிறைந்த நாட்டில் அதற்குக் குறைத்து யாரும் யோசிக்கக் கூடாது. மஞ்சள் காமாலைக்கு, மஞ்சள் தெரிந்ததிலிருந்து ஒரு வாரம், அதற்கு மேலும் பிள்ளைக்குத் தெம்பு வரும்வரை. பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கு, ஆன்டிபயாடிக் தொடங்கி ஒரு நாள். மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாது, ஏனென்றால் சரியாக ஆறாத அந்தத் தொண்டைப் புண்ணிலிருந்துதான் இதய வால்வைக் கெடுக்கும் வாதக்காய்ச்சல் வருகிறது. பேன் இருப்பதற்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது.

2022-ல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பேரெடுத்து நம் எல்லை மாவட்டங்களையும் கலங்கடித்தது, பெரும்பாலும் கை, கால், வாயில் கொப்புளம் போடும் பழைய நோய்தான். அப்போது மத்திய அரசின் சுகாதாரத் துறை, அறிகுறி தோன்றியதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் தனித்திருக்கச் சொன்னது. பிரிட்டனில் இதே நோய்க்குப் பிள்ளை நலமாக இருந்தால் வீட்டில் நிறுத்த வேண்டியதே இல்லை. மெட்ராஸ் ஐக்கும் அங்கே அதே நிலைதான். கண் சிவந்திருந்தாலும் வகுப்புக்குப் போகலாம். இங்கே கண் மருத்துவர்கள் சில நாள் வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? இரண்டும் அந்தந்த இடத்துக்குச் சரி என்றே நினைக்கிறேன். தனி மேசை, இருபத்தைந்து பிள்ளைகள், கை கழுவும் குழாய் உள்ள வகுப்பறைக்கு எழுதிய விதி அது. மூன்று பேர் நெருக்கி உட்காரும் பெஞ்சுக்கும், ஒருவன் கர்சீப்பில் மற்றவன் முகம் துடைக்கும் நட்புக்கும் அது பொருந்தாது. கண்ணில் நீரும் பீளையும் வடியும் நாட்களில் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்கு உதவும். பரவலை அது தடுக்காது. பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதும் உண்மையில்லை. கைதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

சளியிலும் இருமலிலும் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு, ஒரு தும்மல் போட்டாலே வீட்டுக்கு அனுப்பும் பள்ளிகள் பெருகிவிட்டன. சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றும் ஒரு வாரம் என்று வைத்தாலும் 40, 50 நாள் ஆகிறது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு வைத்திருக்கும் வேலைநாள் 200. ஒவ்வொரு சளிக்கும் நிறுத்தினால் ஆண்டுப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அப்படி நிறுத்தியும் பரவல் நிற்காது. மூக்கு ஒழுகத் தொடங்கும் முன்பே அது பரவிவிடுகிறது. இருமலோ சளி விட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். சளி பச்சையாக வருவதால் அது கடுமையான தொற்று என்று அர்த்தமில்லை. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி, 2023 செப்டம்பரில் பள்ளிகளுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொன்னார்: லேசான இருமல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்புக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம், காய்ச்சல் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். சாப்பிடுகிறான், விளையாடுகிறான், சூடு இல்லை, மூச்சு வாங்கவில்லை என்றால் ஒரு கர்சீப்பும் வெந்நீர் பாட்டிலும் கொடுத்து அனுப்புங்கள். இன்ஃப்ளூயன்சா அப்படியல்ல, அது பிள்ளையைப் படுக்கையில் தள்ளும், அதற்குக் காய்ச்சல் விதி பொருந்தும். 2023 மார்ச்சில் அதன் எச்3என்2 வகை பரவியபோது புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரை 16 முதல் 26-ஆம் தேதி வரை பள்ளிகளையே மூடியது. காய்ச்சல் உள்ள பிள்ளைகளை நிறுத்தும் பழக்கம் உறுதியாக இருக்கும் ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்த வேண்டிய தேவை அரிதாகத்தான் வரும்.

இதுவரை சொன்ன விதிகள் எல்லாமே, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கின்றன. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிள்ளையின் காய்ச்சல் என்றால் அன்றைய கூலி போச்சு. மறுநாள் மேஸ்திரி வேறு ஆளைப் பார்த்திருப்பார். ஜவுளி ஆலையிலும் துணிக்கடையிலும் வேலை செய்பவளுக்குச் சம்பளப் பிடித்தம், கூடவே மேற்பார்வையாளரின் முகச்சுளிப்பு. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை வளர்ப்புக்காக 730 நாள் விடுப்பு 2008-லிருந்து இருக்கிறது. கூலி வேலை செய்பவளுக்கு ஒரு நாள்கூட இல்லை. ஸ்வீடனில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாத பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை வருமானத்தின் பெரும்பகுதியை அரசின் காப்பீடே கொடுக்கிறது. ஜெர்மனியில் 2024-ல் ஒவ்வொரு பெற்றோருக்கும் பிள்ளைக்கு 15 வேலைநாள். அங்கே தகப்பன்மாரும் அந்த விடுப்பை எடுக்கிறார்கள். நம் வீடுகளில் பிள்ளையின் காய்ச்சல் வேலைக்குப் போகும் அம்மாவின் பிரச்சினையாக மட்டும் இருப்பது மாற வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லவே விரும்புகிறேன்.

ஏழைப் பிள்ளைக்கு இன்னொரு இழப்பும் உண்டு. காமராசர் 1956-ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்த மதிய உணவோடு, 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் கிடைக்கிறது. நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய திட்டங்கள் இவை. ஆனால் அவற்றின் விளைவாக, அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை காய்ச்சலில் வீட்டில் நின்றால் இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்து இழக்கிறது. உடம்புக்கு முடியாதபோதுதான் சாப்பாடு மிகவும் வேண்டியிருக்கிறது. அம்மா வேலைக்குப் போன பூட்டிய வீட்டில், எட்டு வயது அக்கா நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொண்டு அவளும் பள்ளிக்குப் போகாமல் நிற்பதைவிட, மாத்திரை போட்டு இரண்டு பேரையும் அனுப்புவதே மேல் என்று ஒரு தாய் முடிவெடுத்தால், அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த இடத்தில் நியூயார்க் நகரத்தின் பழைய கதை ஒன்று நமக்கு வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மருத்துவ ஆய்வாளர்கள் பள்ளிகளுக்குப் போய், கண்நோய், படர்தாமரை, சிரங்கு, பேன் கண்ட பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1902 செப்டம்பரில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அப்படி அனுப்பப்பட்டார்கள். குடியேறிய ஏழைகளின் பிள்ளைகள் அவர்கள். கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினால், ஆங்கிலம் படிக்கத் தெரியாத தாய்க்கு அது என்னவென்றே புரியாது; மருத்துவரிடம் போகக் காசும் இருக்காது. பிள்ளை தெருவில் சுற்றும். மாலையில் பள்ளி விட்டதும் அதே வகுப்புப் பிள்ளைகளோடு விளையாடும். நோயும் நின்றபாடில்லை, படிப்பும் போயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் லில்லியன் வால்டு என்ற செவிலியர், தம் சேவை இல்லத்திலிருந்து லினா ரோஜர்ஸ் என்ற இளம் செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பிவைத்தார். அவர் பள்ளியிலேயே புண்ணைக் கழுவி மருந்து போட்டார். மாலையில் வீட்டுக்குப் போய்த் தாய்க்கு எப்படிச் செய்வதென்று காட்டினார். நகர நிர்வாகம் மேலும் செவிலியர்களை அமர்த்தியது. ஓராண்டு கழித்து, 1903 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் சுமார் 1,100 பேர். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

நம் அரசுப் பள்ளிகளுக்கு 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழு ஆண்டுக்கு ஒருமுறை வந்து பரிசோதிக்கிறது. பார்வைக் குறைபாடு, ரத்தசோகை, பிறவிக் கோளாறு போன்றவற்றைக் கண்டுபிடிக்க அது உதவும். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை நடுங்கும்போது யாரும் அங்கே இருப்பதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியர் இல்லாவிட்டாலும், அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகளுக்கு ஒருவர் என்பது தமிழ்நாட்டால் செய்ய முடியாத காரியமல்ல.

காசே செலவாகாத மாற்றங்களும் உண்டு. ஆண்டுவிழாவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தலாம். அந்தப் பரிசுக்காக 101 டிகிரியோடு அடம்பிடித்துப் பள்ளிக்கு வந்த பிள்ளையால் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. நோயில்லாமல் இருப்பது திறமையல்ல. இளைப்போ இதயக் கோளாறோ உள்ள பிள்ளை எவ்வளவு முயன்றாலும் அந்த மேடையில் ஏற முடியாது. பொதுத்தேர்வு எழுத சிபிஎஸ்இ கேட்பது 75 சதவீத வருகைதான், மருத்துவக் காரணங்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. ஆறாம் வகுப்பில் நூறு சதவீதம் எதற்கு? ஒரு நாள் காய்ச்சலுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பதும் வேண்டாம். சான்றிதழுக்காகவே கிளினிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, போனதற்கு ஓர் ஊசியும் தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நாள்பட்ட நோய்க்கும் தொற்று நோய்க்கும் கேட்டால் போதும். தவறிய மாதத் தேர்வை மறுபடி எழுத விடுவது, நடத்திய பாடத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, திரும்பி வந்த பிள்ளையிடம் முதல் நாளே எல்லா நோட்டையும் முடித்துக் காட்டச் சொல்லாமல் ஒரு வாரம் கொடுப்பது என்று இவ்வளவு செய்தாலே, பிள்ளையை ஒருநாள் நிறுத்துவதற்கு இருக்கும் பயம் பெரிதும் குறையும்.

எந்த அட்டவணையிலும் அடங்காதது காலை வயிற்று வலி. பிரிட்டனில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-ல் எழுதியபோது, பத்தில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி வயிற்று வலி வருவதும், அவர்களில் மிகச் சிலருக்கே உடலில் நோய் இருப்பதும் தெரிந்தது. அந்த வலி நடிப்பு அல்ல. பயமும் கவலையும் குடலை உண்மையாகவே இறுக்கிப் பிடிக்கும். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது, வேன் போனதும் குறைகிறது, ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். புது ஆசிரியரா, வேனில் சீண்டும் பெரிய பையனா, கதவில்லாத கழிப்பறையா? இந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பழக்கினால் திரும்பப் போவது நாளுக்கு நாள் கடினமாகும். அடித்து அனுப்பினால் வலி வேறு வேஷம் கட்டிக்கொண்டு வரும். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டு, உள்ளே விட்டு வருவதே சரி. வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், தொப்புளை விட்டு வலது பக்கம் நகர்ந்தால், எடை குறைந்தால், வாந்தியோ ரத்தமோ சேர்ந்தால் அது வேறு சங்கதி. அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில காலைகளில் தவறான முடிவு எடுக்கத்தான் செய்வோம். உடம்பின் சூடு ஏறும் நேரம் பள்ளி நேரம் என்பதால், நலமாக அனுப்பிய பிள்ளைக்கு நண்பகலில் காய்ச்சல் காண்பது எப்போதும் நடக்கும். ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் காற்றோட்டமான ஒரு மூலையில் பாயும் தலையணையும், வேலை செய்யும் ஒரு வெப்பமானியும், குடிக்கத் தண்ணீரும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலும் இருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் அம்மா அப்பா எண்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி வேண்டும்: இருவரும் வர முடியாவிட்டால் பிள்ளையை வந்து அழைத்துப்போகக் கூடியவர். அத்தையோ, பக்கத்து வீட்டு ஆயாவோ, ஆட்டோ ஓட்டும் மாமாவோ. போன் செய்யும் ஆசிரியர் "ஏன் அனுப்பினீங்க?" என்று தொடங்காமல், எத்தனை டிகிரி இருக்கிறது, எப்போதிலிருந்து, வாந்தி எடுத்தானா, தண்ணீர் குடித்தானா என்பதைச் சொல்ல வேண்டும். எடுப்பவள் அந்த நேரம் சாரத்தின் மேல் செங்கல் தூக்கிக்கொண்டு நிற்கலாம். அடுத்து அவள் எங்கே போக வேண்டும், வீட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா என்பது அந்த நான்கு தகவலில்தான் இருக்கிறது.